வெள்ளை அடிக்காத சந்து

மயூர் விஹார் பக்கம் போகும் டெல்லி மெட்ரோவில், பெண்கள் பெட்டி. ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண் திடீரென்று தமிழில் சொன்னாள்:

"அந்த ஒரு சந்துக்கு மட்டும் வேணும்னேதான் வெள்ளை பெயிண்ட் அடிக்காம விட்டோம், அக்கா."

அவள் பக்கத்திலிருந்தவளின் கழுத்தில் நர்ஸ் அடையாள அட்டை தொங்கியது. "எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்கத்தான். தகரக் கூரைக்கு வெள்ளை அடிச்சா வீட்டுக்குள்ள எவ்வளவு சூடு குறையுதுன்னு காட்டணும். காட்டினாத்தான் அடுத்த வருஷம் மத்த குடிசை பஸ்திக்கெல்லாம் ஃபண்டு தருவாங்க."

"அங்க இருக்கிறவங்களுக்கு இது தெரியுமா?"

"எங்க ஆபீஸ்ல சொல்ல வேணாம்னுட்டாங்க. அந்தச் சந்துல துணி தேய்க்கிற அமுதாக்கா பாக்கும்போதெல்லாம் கேப்பாங்க. அடுத்து உங்க வீடுதான்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"அமுதாவா? போன வாரம் வெயில் தாங்காம மயங்கி, எங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்களே, அவங்களா?"

"அவங்களேதான்."

யமுனைப் பாலத்தில் வண்டி ஏறியது. நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல யாருக்கு வேணா ஆகும். நீ என்னடி பண்ணுவ?"

"அதில்லக்கா. முன்னாடியெல்லாம் கூரை மேல ஈரச் சாக்கு விரிச்சு வெச்சிருப்பாங்க. பெயிண்ட் அடிக்க நாங்க வருவோம்னு அத்தனையும் எடுத்துப் போட்டுட்டு, தகரத்தைத் துடைச்சு வெச்சிருந்தாங்க."