தெருவுக்கு அடிக்காத அலாரம்

ஷஹீன்: ...பக்கத்து வீட்டு மஹ்பூபி காலா வாசல்லயே நின்னு கேக்குறாங்க, "இன்னாடி, உங்க வீட்டு அலாரம் இன்னிக்கு அடிக்கலையா?"ன்னு. மூணு வீடும் விடியக்கால சஹர் சாப்பாடு சாப்புடாம நோன்பு வெச்சிருக்கு.

ஹஃப்ஸா: அம்மி, ஆரம்பிக்காத. பத்து மணிக்கு பிசிக்ஸ் பரீட்ச. நானும்தான் வெறும் வயித்தோட போறேன்.

ஷஹீன்: வெறும் வயிறு எழுதும்டி. தூங்குற கண்ணுதான் எழுதாது.

ஹஃப்ஸா: இன்னா... இன்னா சொல்ற?

ஷஹீன்: ஒண்ணும் இல்ல. பதினாலு நாளா மூணே முக்காலுக்கு டாண்ணு போன் போட்டு எழுப்புன பொண்ணு. உன்ன நம்பி எதிர் வீட்டு சத்தார் மாமா அலாரம் வெக்கறதயே விட்டுட்டாரு.

ஹஃப்ஸா: யாரு விடச் சொன்னது?

ஷஹீன்: நான்தான். "எம்பொண்ணு தானா எழுந்துடுவா"ன்னு ஃபேக்டரி பூரா பெருமை பேசி வெச்சிருக்கேன்.

ஹஃப்ஸா: யா அல்லா... ஷூ ஃபேக்டரி வரைக்குமா?

ஷஹீன்: எங்க லைன்ல மட்டும் அம்பது பேரு.

ஹஃப்ஸா: அம்மி... ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது.

ஷஹீன்: நோன்புல எப்படித் திட்டுவேன்? சொல்லு.

ஹஃப்ஸா: நான் தானா எழுந்துக்கல.

ஷஹீன்: பின்ன?

ஹஃப்ஸா: தூங்குனாத்தானே எழுந்துக்கறதுக்கு!

ஷஹீன்: ராத்திரி பூரா இன்னாடி பண்ணுவ?

ஹஃப்ஸா: ரீல்ஸ் பாப்பேன். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு மணி மூணே முக்கா ஆய்டும். போனு கைலதானே இருக்குதுன்னு எல்லாரையும் எழுப்பிடுவேன்.

ஷஹீன்: பேஷ்!

ஹஃப்ஸா: சிரிக்காத. கெமிஸ்ட்ரி பரீட்சைல... தூங்கிட்டேன் அம்மி. மேடம் தோளத் தட்டுனாங்க. கடைசி ரெண்டு பக்கம் எழுதவே இல்ல. உன்கிட்ட சூப்பரா எழுதினேன்னு பொய் சொன்னேன். அன்னிலேர்ந்து பயமா இருக்குது.

ஷஹீன்: ம்... நேத்து மட்டும் எப்படி தூங்குன?

ஹஃப்ஸா: வைஃபை போய்டுச்சு. வரும் வரும்னு போனப் புடிச்சுட்டே படுத்திருந்தேனா... அப்படியே தூங்கிப் போய்ட்டேன். ஆமா, நீ எப்படி எழுந்துக்காம போன?

ஷஹீன்: வைஃபை ஒயரப் புடுங்குனதே நான்தான். உன் தோஸ்த் பாரதி கெமிஸ்ட்ரி பரீட்ச அன்னிக்கே வந்து எல்லாம் சொல்லிட்டா. மூணு மணிக்கே முழிச்சுட்டேன். அவங்க நம்பரெல்லாம் உன் போன்ல, போனு உன் கன்னத்துக்கு அடில. நேர்ல போய் எழுப்பலாம்னு கதவத் தொறந்தா கிரீச்சுன்னு கத்தும், நீ முழிச்சுக்குவ. வாயப் பொளந்துக்கிட்டு அப்படி ஒரு தூக்கம்டி உனக்கு... மூணு வீட்டு சாபமும் எனக்கே வரட்டும்னு லைட்டுகூட போடாம உன் பக்கத்துல உக்காந்துட்டேன்.