குத்துச்சண்டைப் பிள்ளைகளுக்கு எடை பார்த்த வேலாத்தாள் அம்மையாருக்கு

பொங்கலூர் வட்டாரத்துப் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் பழக்கிய உடற்கல்வி ஆசிரியையே, மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டிகளில் பெண்பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் பொறுப்பை நெடுங்காலம் தாங்கிய எங்கள் அன்பிற்குரிய அம்மையே, வணக்கம்!

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் பண்புகளை அடுக்கத் தொடங்கினால், "போதுமுங்க, டீ ஆறுது" என்பீர்கள். ஆகவே நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியிலேயே மாவட்டப் போட்டி நடந்தது. நம் மாணவி தேஜஸ்ரீ நாற்பத்தெட்டு கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருந்தாள். கோப்பை அவளால் வரும் என்று பள்ளியே நம்பியிருந்தது. எடை பார்த்தபோது அரை கிலோ கூடுதல். நேரம் முடியுமுன் எடை குறைத்துவந்தால் மீண்டும் தராசில் ஏறலாம் என்பது விதி. அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி நடத்தும் அவள் தந்தை மாரப்பன், மகளுக்கு ஜெர்க்கினை மாட்டி வெயிலில் ஓடவிடத் தயாரானார்.

"அரை கிலோதானுங்க டீச்சர். வேர்த்தா எறங்கிரும்."

தாங்கள் அவளது வெடித்த உதட்டைப் பார்த்தீர்கள். "எப்பக் கண்ணு தண்ணி குடிச்சே?"

"நேத்துக் காலைல மிஸ்."

"இவ ஓட மாட்டாளுங்க" என்றீர்கள்.

"அப்ப கண்டுக்காம உட்ருங்க. உங்க ஸ்கூலுக்குத்தானுங்க கோப்பை?"

"அதுவும் முடியாதுங்க."

அழுதுகொண்டிருந்த தேஜஸ்ரீயின் கையில் தண்ணீரைக் கொடுத்து, "உன்ற எடை தப்பில்ல கண்ணு, பேர் குடுத்த பிரிவுதான் தப்பு" என்றீர்கள். ஒரு பிரிவுக்குப் பள்ளிக்கு ஒருவர்தான்; மேல் பிரிவான ஐம்பது கிலோவில் நம் இன்னொரு மாணவி ஜனனியின் பெயர் இருந்ததால் தேஜஸ்ரீக்கு அங்கும் இடமில்லை. கோப்பை கைவிட்டுப் போயிற்று. மாரப்பன் மகளை வேறு பள்ளிக்கு மாற்றினார். அன்றைய தலைமையாசிரியர் தங்களிடம் வெகுநாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. தாங்களோ யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காமல் மறுநாள் காலைப் பயிற்சிக்கு விசில் ஊதினீர்கள்.

மறு ஆண்டு ஐம்பது கிலோ இறுதிப் போட்டியில் ஜனனிக்கு எதிரே வந்து நின்றவள் அதே தேஜஸ்ரீ. வயிறாரச் சாப்பிட்டு வந்தவள், வென்றாள். அடுத்த பிரிவுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்த தங்களிடம் நம் ஆசிரியர் செந்தில்வேல் வந்து, "தேஜஸ்ரீகிட்ட நம்ம ஜனனி தோத்துட்டாளுங்க" என்றார் வருத்தத்தோடு.

"புள்ளைக்கு அடி ஒண்ணும் படலீங்களே?"

"யாருக்குங்க மேடம்?"

"ரெண்டு பேருக்குந்தானுங்க."

இத்தனை காலத்தில் ஒரு போட்டியைக்கூடத் தாங்கள் முழுதாகப் பார்த்ததில்லை. எடை அறையிலேயே பொழுது போயிற்று. வரும் ஆடியில் நடக்கும் போட்டிக்கு முதல் வரிசையில் தங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறோம். நோய்நொடி அண்டாமல், நிறைந்த மனத்தோடு, ஆண்டுதோறும் அங்கே வந்து அமருங்கள்; எந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் கை தட்டுங்கள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
ஆசிரியர்களும் அலுவலர்களும்