குடகில் பெய்த மழை

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற பஸ். ஆவணி பிறந்த முதல் வாரம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. என் முன்சீட்டில், தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்காத ஒரு பெண், ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொன்னாள்:

"குடகுல இன்னும் ஒரு வாரம் நல்லாப் பேயணும் சாமி."

"ஆடிக்குன்னு கூட்டியாந்தேன்," என்றாள் பக்கத்திலிருந்த அவள் அம்மா. "ஆடி முடிஞ்சும் அனுப்பலைன்னா அக்கரையில மாப்பிள்ளை வூட்ல என்ன நெனப்பாங்க?"

"நான் எங்க மாட்டேன்னேன்? பரிசல் ஓடுனா அக்கரைக்குப் போறேன்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரும்பினார். "பரிசல நிறுத்திட்டாங்கம்மா. காலையிலிருந்து தண்ணி செவப்பாப் போவுது."

"இங்க ஒரு தூறல்கூட இல்லீங்களே?" என்றார் அருவியில் குளிக்க வந்த சேலத்துக்காரர்.

"இங்க எதுக்குங்க பேயணும்? குடகு மலையில கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மண்ணு குடிக்கிற மட்டும் குடிச்சுது, மிச்சமெல்லாம் ஓடை ஓடையா ஆத்துல எறங்குது. அணையும் ரொம்பிடுச்சு, தொறந்துட்டாங்க. நமக்கு வந்து சேர ஒண்ணு ரெண்டு நாளாவும், அவ்வளவுதான்."

எங்கோ பெய்த மழை, வெயில் காயும் ஊருக்கு நடந்தே வந்திருந்தது.

பெண் முந்தானையால் சிரிப்பை மூடினாள்.

"சிரிக்காதடி. உன் மாமியாளுக்கு யாரு பதில் சொல்றது?"

"காவேரிதான் சொல்லணும்."

"வாயப் பாரு. திரும்புற வண்டி எப்பங்க?" என்று கண்டக்டரைக் கேட்டாள் அம்மா.

"இதே வண்டிதாங்கம்மா."

அம்மா மகள் பக்கம் குனிந்தாள்.

"வெள்ளம் வருதுன்னு நேத்தே ரேடியோவுல சொன்னான். உனக்கும் சேத்துத்தான் மாவாட்டி வெச்சுட்டு வந்திருக்கேன்."