ஹாரனுக்கு முன்னாலயா, பின்னாலயா?

சுசீலா: நில்லுங்க. இன்னொரு செருப்பு எங்கே?

ஸ்ரீதர்: எந்தச் செருப்பு?

சுசீலா: கால்ல ஒண்ணுதான இருக்கு? ரோட்டுல ஒத்தைச் செருப்போடயா நடந்து வந்தீங்க?

ஸ்ரீதர்: அது... கூட்டத்துல அறுந்து போச்சு.

சுசீலா: அறுந்திருந்தா கையில இருக்கணுமே.

ஸ்ரீதர்: சரி, எறிஞ்சேன். போதுமா? அந்த ரெஃப்ரி தங்கியிருக்கற கெஸ்ட் ஹவுஸ் வாசல்ல பாதி போர்ட் பிளேயர் ஊரே நிக்குது. பெங்காலி, தெலுங்கு, மலையாளி... எல்லாரும் ஒரே குரல்ல 'ரெஃப்ரி சோர் ஹை', ரெஃப்ரி திருடன்னு கத்தறாங்க. நான் மட்டும் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கவா?

சுசீலா: அவர் மேல பட்டுச்சா?

ஸ்ரீதர்: கேட்டைக்கூடத் தாண்டல. ஏன், உனக்கு அவன் மேல என்ன அக்கறை? நேத்து மேட்ச் முடிஞ்சு வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசல நீ. வச்ச டீ அப்படியே இருக்கு. தோத்தது எனக்கும்தான் வருத்தம்...

சுசீலா: அவர் என்ன தப்பு பண்ணாரு?

ஸ்ரீதர்: என்ன தப்பா? அரே, நீ அங்கதான உக்காந்திருந்த! டைமர் மேசையில, நடுவுல! சவுத் ஏசியன் லேடீஸ் பாஸ்கெட்பால் ஃபைனல். நம்ம ஊர்ல. இலங்கை ஒரு பாயிண்ட் கூட. கடைசி செகண்டு. நம்ம மத்தியாஸ் பொண்ணு பிரிஸ்கில்லா ஷாட் போடறா... பந்து உள்ள விழுது... ஹாலே எந்திரிச்சு ஆடுது. இந்த மாலத்தீவுக்காரன் என்னடான்னா, கையை இப்படிக் குறுக்க வீசி 'செல்லாது'ங்கறான். டைம் முடிஞ்ச பிறகு போட்டாளாம்!

சுசீலா: முடிஞ்ச பிறகுதான் போட்டா.

ஸ்ரீதர்: யார் சொன்னது?

சுசீலா: நான்.

ஸ்ரீதர்: அட, நான் கேக்கறது... அந்தாளுகிட்ட யார் சொன்னதுன்னு.

சுசீலா: அதான் சொல்றேன். நான்தான். அவர் நின்ன இடத்துலேர்ந்து அவருக்குச் சரியாத் தெரியல, நடுவுல ஆள் மறைச்சிருச்சு. மேசைக்கு ஓடி வந்து, டைம் முடிஞ்ச ஹாரனுக்கு முன்னாலயா பின்னாலயான்னு கேட்டாரு. பின்னாலன்னேன்.

ஸ்ரீதர்: நீயா? நீ ஏன் சொல்லணும்?

சுசீலா: கடிகாரத்தை ஓட்டறது என் வேலை. ஹாரன் அடிக்கறப்ப பந்து எங்க இருக்குன்னு பாக்கறதும் என் வேலை. பாத்தேன், சொன்னேன். செருப்பை நீங்க இந்த வீட்டு வாசல்ல எறிஞ்சிருக்கணும்.

ஸ்ரீதர்: மெதுவாப் பேசு... ஜன்னல் தொறந்திருக்கு. பாகல் ஆயிட்டியா, பைத்தியமா நீ? ரீப்ளே மிஷின் கப்பல்ல வருது வருதுன்னு கடைசி வரைக்கும் வரல. வீடியோவே கிடையாது. தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல?

சுசீலா: தெரிஞ்சுதே.

ஸ்ரீதர்: சரி சரி... இது வேற யாருக்குத் தெரியும்?

சுசீலா: அவருக்கும் எனக்கும். இப்போ உங்களுக்கு. பத்திரிகைக்காரங்க மொய்ச்சப்பகூட அவர் என் பக்கம் திரும்பல. 'முடிவு என்னோடது'ன்னு மொத்தத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாரு.

ஸ்ரீதர்: நல்ல மனுஷன். அப்படியே போட்டுக்கட்டும். இன்னைக்கோ நாளைக்கோ ஃபிளைட் ஏறிடுவாரு. நாம இங்கயே கிடக்கணும். டாலிகஞ்சுல என் ஹார்ட்வேர் கடைக்கு வர்றவன் எல்லாம் நேத்து அந்த ஹால்ல இருந்தவன்...

சுசீலா: நம்ம டீம் அப்பீல் போட்டிருக்கு. அது முடியற வரைக்கும் கப்பை யாருக்கும் கொடுக்கல. இன்னைக்குக் கமிட்டி உக்காருது. நான் போய், ரெஃப்ரிகிட்ட சொன்னது நான்தான்னு எல்லார் முன்னாலயும் சொல்லப் போறேன்.

ஸ்ரீதர்: சொல்லிட்டு? பெரார்கஞ்ச் ஸ்கூலுக்கு பி.டி. டீச்சரா எந்த முகத்தோட போவ? பிள்ளைங்களே மதிக்காது.

சுசீலா: சொல்லாமப் போனா மட்டும்? கோட்டை மிதிச்சா நீயே கையைத் தூக்குன்னு அதுங்ககிட்ட தினமும் கத்தறவ நான்தான.

ஸ்ரீதர்: ஸ்கூல் வேற, இது வேற. இது... இரு, கேட் சத்தம். யாரோ வர்றாங்க. இந்தப் பேச்சை விடு... அடடே, பிரிஸ்கில்லா! வாம்மா. ஏன் நொண்டிக்கிட்டு வர்ற?

பிரிஸ்கில்லா: ஒண்ணுமில்ல அண்ணாச்சி, முழங்கால் வீங்கியிருக்கு. அக்கா, உங்களத்தான் பாக்க வந்தேன். டீம் மேனேஜர் அனுப்பி விட்டாரு.

சுசீலா: முதல்ல உக்காரு. காலை நீட்டிக்கோ.

பிரிஸ்கில்லா: எப்படிக் கேக்கன்னு தெரியல... ரெஃப்ரி உங்ககிட்ட வந்து கேட்டதை மேனேஜர் பாத்திருக்காரு. நீங்க என்ன சொன்னீங்கன்னுதான் அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கல.

ஸ்ரீதர்: அவளா? அவ ஒண்ணும் சொல்லலம்மா. தெரியலன்னு தலையாட்டியிருக்கா, அவ்வளவுதான்...

சுசீலா: நீங்க சும்மா இருங்க.

பிரிஸ்கில்லா: கமிட்டியில உங்களையும் கூப்பிடுவாங்களாம். ஹாரனுக்கு முன்னாலயே பந்து கையை விட்டுப் போயிட்டுன்னு நீங்க சொன்னாப் போதும், கப்பு நமக்குத்தான்னு மேனேஜர் சொல்லுதாரு.

ஸ்ரீதர்: ஒரே வார்த்தை, சுசீலா! நேத்து 'பின்னால', இன்னைக்கு 'முன்னால'. ஊரும் குளிர்ந்துடும், இந்தப் பொண்ணும்...

பிரிஸ்கில்லா: நேத்து பின்னாலன்னா சொன்னீங்க?

சுசீலா: ஆமா. இன்னைக்கும் அதையேதான் சொல்லுவேன். மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிடு.

பிரிஸ்கில்லா: அக்கா... அப்பா நேத்து கடலுக்கே போகல. எங்க தெருவே கொட்டோட ஹால் வாசல்ல நின்னுச்சு. தங்கம் வாங்கினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைன்னு சொல்லியிருக்காங்க. இந்தக் கால் இன்னொரு டோர்னமென்ட் தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சிட்டாரு. எனக்கு அடுத்த வருசம்னு ஒண்ணு கிடையாதுக்கா.

சுசீலா: தெரியும். நீ பந்தைத் தூக்கினப்ப நானும் உனக்காக வேண்டிக்கிட்டேன். அந்த மேசையில உக்காந்தவ வேண்டக் கூடாது, ஆனா வேண்டினேன். பந்து விழுந்ததும் நாற்காலியை விட்டு எந்திரிச்சிட்டேன்கூட. அப்புறம்தான் அவர் வந்து கேட்டாரு...

பிரிஸ்கில்லா: கேட்டதும் சொல்லிட்டீங்களா?

சுசீலா: இல்ல, முதல்ல உன்னைத்தான் பாத்தேன். எல்லாரும் உன்னைத் தூக்கி வச்சு ஆடிக்கிட்டிருந்தாங்க. ஆனா கண்ணுக்குள்ள ஹாரன் அடிச்ச அந்த நொடிதான் நிக்குது. பந்து இன்னும் உன் விரல்ல. அதை நான் எப்படி மாத்திச் சொல்ல?

ஸ்ரீதர்: பாரு, அந்தப் பிள்ளை முகத்தைப் பாரு. உனக்கு மனசே இல்லையா?

பிரிஸ்கில்லா: அக்காவை ஏச வேண்டாம் அண்ணாச்சி. இலங்கைப் பிள்ளைங்களை நினைச்சேன். ஜெயிச்சும் ஒருத்தியும் சிரிக்கல. பாட்டில் வந்து விழ விழ, தலையில பையைக் கவுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடுனாங்க. அவங்க கேப்டன் மட்டும் திரும்பி வந்து என் கையைப் பிடிச்சு என்னமோ சொன்னா. சிங்களம், ஒண்ணும் புரியல. அழுதுட்டா.

சுசீலா: அதுக்குத்தான் போறேன். ஜெயிச்சவங்க திருடங்க மாதிரி நம்ம ஊரை விட்டுப் போகக் கூடாது. அந்த மனுஷனும் எனக்காகச் செருப்படி வாங்கக் கூடாது.

ஸ்ரீதர்: கேட்டைத் தாண்டலன்னு சொன்னேன்ல!

சுசீலா: நீங்க எறிஞ்சதை மட்டும் சொல்லல.

ஸ்ரீதர்: கடைசியாக் கேக்கறேன், சுசீலா. ஊரே உன் மேல திரும்பும். கடையில கல்லு விழும். அப்பவும் போகத்தான் போறியா?

சுசீலா: போகத்தான் போறேன். பயமா இருந்தா ஷட்டரை இறக்கிட்டு வீட்டுல இருங்க.

ஸ்ரீதர்: இங்கதான இருந்துச்சு...

சுசீலா: என்ன தேடறீங்க?

ஸ்ரீதர்: ஸ்கூட்டி சாவி. எங்க வச்ச?

சுசீலா: எதுக்கு?

ஸ்ரீதர்: அந்தக் கூட்டத்துக்குள்ள நீ தனியாவா நடந்து போவ? நான் கொண்டு விடறேன். பக்கத்துலயே நிக்கறேன்... எனக்கும் அந்த ரெஃப்ரியை ஒரு தடவை பாக்கணும். 'சாரி'ன்னு சொன்னாப் போதும்ல? அதுக்கு மேல எனக்கு இங்கிலீஷ் வராது.

சுசீலா: போதும். சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு. வேற செருப்பு போட்டுக்கிட்டு வாங்க.

பிரிஸ்கில்லா: நானும் வாறேன்க்கா.

சுசீலா: நீ வராத. என்னோட உன்னைப் பாத்தா உன்னையும் சேர்த்துத் திட்டுவாங்க. மேனேஜர்கிட்ட, கெஞ்சிப் பாத்தேன், அவ மசியலன்னு சொல்லிடு. ஊருக்கு இன்னைக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அது நானே இருந்துக்கறேன்.

பிரிஸ்கில்லா: நீங்க பேசின பிறகு கமிட்டியில நானும் பேசணும்.

ஸ்ரீதர்: நீ என்னத்தைம்மா பேசப் போற? பந்தைப் போட்டவளுக்கு, ஹாரன் முன்னால அடிச்சுதா பின்னால அடிச்சுதான்னு அந்த நேரத்துல எப்படித் தெரியும்?

பிரிஸ்கில்லா: எனக்குத் தெரியும் அண்ணாச்சி. அக்கா மாத்திச் சொல்லிருவாங்க, நான் வாயைத் திறக்காம இருந்துக்கலாம்னு நினைச்சுத்தான் வந்தேன்... டைம் முடிஞ்சதும் பலகையைச் சுத்திச் சிவப்பு லைட்டு எரியும்லா? ஷாட் போடுதவ கண்ணு அந்தப் பலகையிலதான இருக்கும். எரிஞ்சதை நான் பாத்தேன்க்கா. அப்போ பந்து என் கையிலதான் இருந்துச்சு.