வேண்டாம்ண்ணே

மதியம் இரண்டு இருபது. பேய்க்கு அது ஏற்ற நேரமா என்று கேட்காதீர்கள். நடந்த நேரத்தைத்தான் சொல்ல முடியும். குவாரிக்குப் போகிற சாலை... குவாரி மூடிப் பல வருடம் ஆகிறது. லாரி இல்லை, ஆள் இல்லை. உருகிய தார் செருப்பில் ஒட்டிப் பிரிகிற சத்தம் மட்டும். பச்சக்... பச்சக்... அந்தச் சாலையின் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார், நம் டைப்பிஸ்ட் அக்காவின் தம்பி.

நாளைக்கு ஆபீஸ் ரத்த தான முகாமில் கை நீட்டப் போகிறவர்கள் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். டைப்பிஸ்ட் அக்கா இதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மறுமுறை கேட்டதற்கு எழுந்து போய்விட்டார்.

தம்பியின் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பாட்டில் என்றால்தான் தெரியும். அந்தப் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு, பெண் கொடுக்க வந்தவர்கள் இரண்டு முறை வாசலோடு திரும்பிப் போனார்கள். மனிதர் ஒரு சொட்டு குடித்ததில்லை. பாட்டில் பாட்டிலாக ரத்தம் கொடுத்தவர், அவ்வளவுதான். ஓ நெகட்டிவ். முப்பத்தொரு முறை. "உனக்கு உடம்புல ரத்தமா ஓடுது, குழாய்த் தண்ணியா?" என்று அக்கா திட்டுவார். "மீட்டர் மாட்டிப் பாத்துச் சொல்றேன்" என்பார் தம்பி.

இரண்டு இருபதுக்குத் திரும்பி வருவோம். அதற்கு நாலு மாதம் முன்னால் நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசை குழம்பிவிடும்.

ஒரு காலையில் ரத்த வங்கியிலிருந்து போன். பைக்கில் போய்ச் சுவரில் மோதிய ஆள், வயிற்றுக்குள் கசிவு, உடனே வேண்டும் என்றார்கள். பாட்டில் ஓடினார். நடைபாதை பெஞ்சில் அந்த ஆளின் மனைவி உட்கார்ந்திருந்தாள். பினாயில் நெடி... அதற்கடியில் இன்னொரு நெடி, நாலு நாள் ஊறிப் புளித்த துணி போல. அவள் அழவில்லை. இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போகும்போது எழுந்து வந்தாள். அவருடைய முழங்கை மடிப்பில் ஒரு விரலை வைத்தாள். குளிர்ந்த விரல்.

"வேண்டாம்ண்ணே."

"இதுல என்னம்மா இருக்கு? பத்து நிமிஷ வேலை."

"வேண்டாம்ண்ணே..."

நாம் எதற்குத்தான் முதல் தடவையிலேயே சரி என்றிருக்கிறோம்? காபியா, வேண்டாம். நாற்காலியா, வேண்டாம். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார் பாட்டில். முன்பின் தெரியாதவருக்குச் சிரமம் கொடுக்கக் கூசுகிறாள், பாவம் என்று நினைத்தார். "சும்மா இரும்மா. கூடப்பிறந்தவன்னு நினைச்சுக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். முப்பத்திரண்டாவது முறை.

கையோடு ஒட்டிய குழாய் வெதுவெதுவென்று இருந்தது. தட்டில் ரத்தப் பை ஆடியது. டக்... டக்... அந்த ஆள் பிழைத்துக்கொண்டான்.

இரண்டு மாதம் கழித்து, குவாரிப் பக்கத்து மீட்டர் சுற்று பாட்டிலின் கைக்கு மாறியது. கடைசி வீட்டின் கதவைத் திறந்தவள் அவள்தான். பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனிடம், "ரத்தம் குடுத்த அண்ணன்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் கை கழுவவில்லை. குழம்பும் எச்சிலுமாக இருந்த அதே கையால் பாட்டிலின் கையைப் பிடித்துக்கொண்டான். விரல்களுக்கு நடுவில் ஏதோ நசுங்கிப் பிதுங்கியது. பனியனைத் தூக்கித் தையலைக் காட்டினான். ஓரம் ஆறாமல், மஞ்சளாக, ஈரமாக இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.

"இவ உங்கள அண்ணேங்கறா, அப்ப நீங்க எனக்கு மச்சான். அதுவும் ரத்த சொந்தம், மச்சான்."

அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கீழ் உதடு கிழிந்து கறுத்திருந்தது. ஒரு கண் வெள்ளையில் சிவப்புத் திட்டு. பாட்டில் அதைப் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"உங்க ரத்தம் ரொம்பச் சூடு மச்சான். முன்னல்லாம் ரெண்டு அடியோட கை தானா நின்னுரும். இப்ப நிக்கவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் வாயிலிருந்த பருக்கை ஒன்று பாட்டிலின் சட்டையில் வந்து ஒட்டியது.

ஏதாவது கேட்டிருக்கலாம். போலீசில் சொல்லியிருக்கலாம், அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். அட்டையில் எண்ணை எழுதினார், கையெழுத்துப் போட்டார், வந்துவிட்டார். வழியெல்லாம் பருக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். அது விழுந்த பிறகும் தட்டினார். அதிலிருந்து தன் கையைத் தானே தொட அவருக்குப் பிடிக்கவில்லை. தோலுக்கடியில் நீலமாகத் தெரிகிற நரம்பைப் பார்த்துவிட்டால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். இதற்குள் ஓடுவதுதான் அங்கேயும் ஓடுகிறது... அந்தக் கைக்குள்.

இன்னும் இரண்டு மாதம் போனது. இப்போது அந்த இரண்டு இருபது.

வெளிக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சுற்றுச்சுவர் ஓரத்தில் மீட்டர்க் குழி. கல் மூடியைத் தள்ளினார். சேறு, பூரான், அழுகிய இலை நாற்றம். குந்தி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். உள்ளே சின்னச் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எந்தக் குழாயும் திறந்த சத்தமில்லை. இன்னும் குனிந்து பார்த்தார். சக்கரம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருட சர்வீசில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. போன தடவை அவரே எழுதிய எண்ணை விட இப்போது குறைவாகக் காட்டியது. பழுது என்று அட்டையில் குறித்தார்.

"அண்ணே."

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள். தலைக்குக் குளித்தவள் போல முடி முகத்தில் ஒட்டியிருந்தது. நுனியிலிருந்து சொட்டியது. கம்பி வழியாகச் சொம்பை நீட்டினாள். பாட்டிலுக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிற தாகம். அவள் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. வாங்கி, அண்ணாந்து, வாயில் ஊற்றிக்கொண்டார்.

வெதுவெதுப்பு... கையில் ஒட்டிய குழாயின் அதே வெதுவெதுப்பு. உப்பு. வாய்க்குள் சாவியைப் போட்டுச் சப்பியது போல இரும்பு. கெட்டியாக ஒன்று, பாலாடை போல, நாக்கில் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் இறங்கியது. ஒரு மிடறு உள்ளே போய்விட்டது.

"உங்களுதுதான்ண்ணே. எடுத்துட்டுப் போங்க."

சொம்பைப் போட்டார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை என்று அக்காவிடம் பிறகு சொல்லியிருக்கிறார். செருப்பு ஒன்று தாரில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடினார்.

முக்கில் ஒரு பஞ்சர் கடை. அதன் வாசலில் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தார். வந்ததெல்லாம் காலையில் தின்றது. சிவப்பாக ஒன்றுமில்லை. அது உள்ளேயே இருந்துவிட்டது.

கடைக்காரர் முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். எங்கே போய் வருகிறீர்கள் என்று விசாரித்தார். சொன்னதும் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"கடைசி வீடா? அத சீல் வெச்சு பதினோரு நாளாச்சே சார். பொண்டாட்டியத் தண்ணித் தொட்டியில அமுக்கிட்டு ஓடிட்டான். ரெண்டு நாள் கழிச்சு நாத்தம் வந்துதான் எங்களுக்கே தெரியும். தண்ணி லைனையும் அன்னிக்கே உங்க ஆபீஸ் ஆளுங்க வந்து வெட்டிட்டுப் போனாங்களே."

அதோடு ரத்தம் கொடுப்பதை நிறுத்தினார் பாட்டில். ரத்த வங்கி எண் வந்தால் போனைக் கவிழ்த்து வைப்பார். பத்து நாள் கழித்து வேறொரு எண்ணிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்கிற டெக்னீஷியன் பெண்.

"அண்ணே, நாலு வயசுக் குழந்தை. வேற டோனர் யாரும் கிடைக்கல. ராத்திரி தாண்டாதுங்கறாங்க."

பாட்டில் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "யாரு? நல்லவங்களா?" என்றார்.

"என்னண்ணே, நாலு வயசுகிட்ட நன்னடத்தைச் சான்றிதழா வாங்கியாரது?"

கொடுத்தால் அது எந்தக் கைக்குள் போய் ஓடுமோ தெரியாது. கொடுக்காவிட்டால் சாகிறது யாரென்று நன்றாகத் தெரிகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

நடைபாதை பெஞ்சைப் பார்த்தார். குழந்தையின் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். இவர் கையை மடித்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். யாராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும், இந்தத் தடவை காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டும் என்று நின்றார். யாரும் சொல்லவில்லை. குழந்தையின் அம்மா கும்பிட்டாள். உள்ளே போய்ப் படுத்தார். வெதுவெதுப்பு... டக்... டக்... பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். முப்பத்து மூன்றாவது முறை.

குழந்தை பிழைத்தது. அன்றிரவு பாட்டில் வெகு நாளைக்குப் பிறகு தூங்கினார். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று என்று அக்காவிடம் சொல்லி இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டாராம்.

இரண்டு வாரம் கழித்து குழந்தையின் அம்மா போன் செய்தாள்.

"உங்களுக்குக் கோடி புண்ணியம்ங்க. நல்லா சாப்புடறா, ஓடறா. ஒண்ணே ஒண்ணுதான். குளிப்பாட்டவே விட மாட்டேங்கறா. தொட்டிகிட்ட தூக்கிட்டுப் போனாப் போதும், என் முழங்கை மடிப்புல ஒரு விரல வெச்சுகிட்டு, 'வேண்டாம்ண்ணே, வேண்டாம்ண்ணே'ங்கறா. எங்க கத்துகிட்டான்னே தெரியலைங்க. எங்களுக்கு இவ ஒரே பொண்ணு. இவளுக்கு அண்ணன்னு யாருமே கிடையாது."