ஜூரியைக் கலைக்க வேண்டாம் என்றேன்

ஜூரிக்குப் போடும் மதியச் சாப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன், இன்ஸ்பெக்டர். சுட்ட சீமைப்பலா, கருவாடு, வயிறு நிறையும். ஓய்வுபெற்ற தபால் அதிகாரி என்பதால் மற்ற பதினொரு பேரும் என்னையே தலைவராக்கினார்கள்.

மினிபஸ் ஓட்டுநர் டெஸ்மண்டைக் கண்டக்டர் கெல்ரன் கல்லால் அடித்துக் கொன்றான் என்பது வழக்கு. முந்தின நாள் இருவரும் சண்டை போட்டார்களாம். கெல்ரனின் வக்கீல் பாஸ்கோம் பாதி விசாரணையைத் தூங்கியே கழித்தார். "வெள்ளை சூட்டு போட்ட ஆள் ஒருத்தர் அந்தப் பக்கமா போனாரு" என்று இளநீர்க்காரர் ஒருவர் சாட்சி சொன்னபோதும் ஒரு கேள்வி இல்லை. சாட்சி சொன்ன கையோடு இளநீர்க்காரரும் படகேறித் தன் தீவுக்குப் போய்விட்டார். அன்று கோர்ட்டில் நான் பழுப்புக் கோட்டு அணிந்திருந்தேன்.

ஆறாம் நாள் வக்கீல் மாறினார். புதிதாக வந்த மிஸ் அலீன் எழுந்ததுமே சொன்னாள்: "இந்த ஜூரியைக் கலைச்சிடுங்க, மை லார்ட். பழைய வக்கீல் தூங்கினதை இவங்க பார்த்துட்டாங்க. புது ஜூரி முன்னால எல்லா சாட்சியையும் முதல்லேருந்து விசாரிக்கணும்."

நீதிபதி என்னைப் பார்த்தார். "வக்கீல் மாறினதால உங்க தீர்ப்பு மாறுமா?"

"துளிகூட மாறாது, மை லார்ட்."

உண்மையைத்தான் சொன்னேன். ஜூரி கலையவில்லை.

ஜூரி அறையில் மீன் விற்கும் மெர்லீன் மட்டும் முரண்டு பிடித்தாள். "அந்த வெள்ளை சூட்டு ஆள் யாரு சார்? அதை ஒருத்தரும் கேக்கலையே."

"கேக்காததை நாம யோசிக்கக் கூடாதும்மா. அதான் சட்டம்" என்றேன். இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினேன். அழுதுகொண்டே கை தூக்கினாள். கெல்ரனுக்கு ஆயுள் தண்டனை.

டெஸ்மண்ட் செய்ததையும் கேளுங்கள். தேவாலயத்துக்குப் போய்க்கொண்டிருந்த என் வெள்ளை சூட்டின்மேல் பஸ்ஸை ஓட்டிச் சேற்றை அடித்துவிட்டு, "இப்பத்தான் பெருசு மனுஷன் மாதிரி இருக்கு" என்றான். பஸ்ஸே சிரித்தது. அதிகம் சிரித்தவன் கெல்ரன். குற்றவாளிக் கூண்டில் நின்றபோது அவனுக்கு என் முகம்கூட நினைவில்லை, அதையும் பொறுத்துக்கொண்டேன். மறு ஞாயிறு, சலவை செய்த அதே சூட்டில்தான் போனேன். இரண்டே அடி.

மிஸ் அலீன் அப்பீலுக்காக இளநீர்க்காரரைத் தேடிப் பிடித்து, அவரும் என்னை அடையாளம் காட்டியதால் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். போகட்டும். ஆனால் நான் நடுநிலை தவறினேன் என்று பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறாள். அதுதான் வலிக்கிறது.

டெஸ்மண்டைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பாரபட்சம் காட்டினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.