சாயிப்பு கயிற்றை விட்ட கதை

அஞ்சாம் கிளாஸோடு படிப்பை விட்டவன் நான். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், கோயிலுக்கு எதிரே கயிற்றுக்கடை போட்டேன், அதன்மேல் மாடி எழுப்பினேன், மகனை என்ஜினியராக்கினேன். எல்லாம் ஒற்றை ஆளாக. நேற்று பொன்முடி பஸ்ஸில், முன் சீட்டில் கல்லாற்றுக் கைடு ஒருவர் கூட்டாளியிடம் பேசிக்கொண்டு வந்தார்.

“அந்த ஸ்காட்லாந்து சாயிப்பு பாறை ஏறி உலகம் பூராப் பேரெடுத்ததுக்குக் காரணம், சாலைக் கடைத்தெருவிலே வாங்கின கயிறுடே.”

“அவரு கயிறே கட்டாம ஏறுறவருல்லா அண்ணே?”

“முன்னே கட்டுவாரு. இங்கே வந்தப்போ கோயிலுக்கு எதிர்க்கடையிலே ஒண்ணு வாங்கிக் கொடுத்தேன். பாறையிலே கட்டி ஒரு இழு இழுத்தாரு, ரெண்டாப் போச்சு. இதுக்கு என் விரலே மேல்னுட்டாரு. பிறகு கயிறைத் தொடவேயில்லை.”

அந்தக் கடை என்னுடையது. நல்ல கயிறாகக் கொடுத்திருந்தால் அவரை இன்றைக்கு யாருக்குத் தெரியும்? அவர் வரலாற்றை எழுதுகிறவர்கள் என் பேரையும் போட்டாக வேண்டும்.